தூசிக்குக் கிடைக்கும் மரியாதை

அச்சுப் பிழை எது என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் பக்கத்தில் நின்றே தலை நரைத்தவன் நான். தீப்பெட்டி லேபிள், தினசரி காலண்டர், நோட்டுப் புத்தக அட்டை, பட்டாசுப் பெட்டி எல்லாம் ஓட்டியிருக்கிறேன். காலண்டரில் கடைக்காரர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். தாளுக்கும் மைக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு என்று ராத்திரி முழுக்கப் பஞ்சாயத்து நடக்கும். எங்களுக்குப் பிழை என்றால் அதுதான். இப்போது நியூஜெர்சியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். இங்கே என் பேரனும் அவன் கூட்டாளிகளும், அவர்களைவிட மும்முரமாகப் பெரியவர்களும், பேஸ்பால் கார்டு, போக்கிமான் கார்டு என்று சேர்க்கிறார்கள். பிழை உள்ள கார்டுக்குத் தனி விலை. ஆசைப்பட்டவர் வாங்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. எதைப் பிழை என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்று பார்க்கப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

பேரன் பிறந்தநாளுக்கு வந்த பணத்தைச் சேர்த்துவைத்து ஆன்லைனில் ஒரு போக்கிமான் கார்டு வாங்கினான். 'அரிய எரர் கார்டு' என்று தலைப்புப் போட்டு, அதே கார்டு சாதாரணமாகப் போகும் விலைக்குப் பல மடங்கு வாங்கிவிட்டான் விற்றவன். தபாலில் வந்ததும் உறையைப் பிரித்து என்னிடம் ஓடிவந்தான். "தாத்தா, உங்க லென்ஸை எடுங்க, இதுல எரர் இருக்கு, பாருங்க." பழைய பழக்கத்தில் லென்ஸ் எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கும். வைத்துப் பார்த்தேன். வானம் வரைந்திருந்த நீலப் பகுதியில் கடுகைவிடச் சிறிதாக ஒரு வெள்ளை வளையம், அதன் நடுவில் அழுத்தமான ஒரு நீலப் புள்ளி. சுற்றிலும் அச்சுப் புள்ளிகள் அணிவகுத்து ஒழுங்காக வந்து, அந்த வளையத்தின் ஓரத்தில் மட்டும் நின்றுவிட்டிருந்தன.

இது தூசி. தாளிலிருந்து உதிர்ந்த தூளோ, மைத் தொட்டியில் காய்ந்துபோன மைத் தோலோ, பிளேட்டிலோ ரப்பர் பிளாங்கெட்டிலோ ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணுக்கு மையை வாங்கி ஒரு புள்ளியாகப் பதியும். அது மேடாக நிற்பதால் அதைச் சுற்றிய இடம் தாளைத் தொடாது, வெள்ளை வளையம் விழும். இங்கே இதற்கு ஹிக்கி என்று பெயர். மெஷின்மேன் கண்ணில் பட்டால் நிறுத்தித் துடைத்துவிட்டு ஓட்டுவார். படாவிட்டால் அது தானாகக் கழன்று போகும்வரை தாள்கள் அப்படியே விழும். உலகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓடும் இடமெல்லாம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நடக்கும் சங்கதி. இதற்கா ஒரு குழந்தையின் சேமிப்பு முழுவதும்?

"அப்ப இது எரரா இல்லையா தாத்தா?" என்று கேட்டான். அவனுக்கு நேராக ஒரு பதில் சொல்ல முடியாதபடி ஆக்கிவைத்திருக்கிறார்களே, அதுதான் என் ஆதங்கம்.

ஏனென்றால் இதே தூசிக்கு இரண்டு நியாயம் வைத்திருக்கிறார்கள். புத்தம் புதிய கார்டு ஒன்றைத் தரம் பார்க்க அனுப்புங்கள். முகத்தில் இப்படி ஒரு புள்ளி இருந்தால் அது அச்சுக் குறை என்று தரத்தைக் குறைப்பார்கள். பி.எஸ்.ஏ. போன்ற கிரேடிங் கம்பெனி அதற்கென்றே 'பி.டி.' என்று ஒரு குறி வைத்திருக்கிறது. அதே தூசி தோதான இடத்தில் உட்கார்ந்து, யாராவது அதற்கு ஒரு செல்லப்பெயரும் வைத்துவிட்டால் கதை தலைகீழ். 1958இல் டாப்ஸ் கம்பெனி போட்ட கார்டுகளில் பிலடெல்ஃபியா அணியின் பாஞ்சோ ஹெரேரா கார்டு ஒன்று உண்டு. அச்சு ஓடும்போது ஏதோ மறைத்து, சில பிரதிகளில் அவர் பெயரின் கடைசி ஆங்கில எழுத்தான 'ஏ' விழாமல் 'ஹெரேர்' என்று நின்றுவிட்டது. பாதி 'ஏ' மட்டும் விழுந்த பிரதிகளும் உண்டு. எழுத்து முழுதாக இருக்கும் கார்டைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். எழுத்து விழாத கார்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள். மறைத்த பொருள் நாலு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் அது வெறும் குறை, தரம் கம்மி.

1990இல் வந்த ஃபிராங்க் தாமஸ் கார்டையும் சொல்ல வேண்டும். பேரன் வட்டாரத்தில் இந்தக் கார்டைப் பற்றிப் பேசாத நாளில்லை. கல்லூரி அணிச் சீருடையில் தாமஸ் நிற்பார், கீழே பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். பெயர் இல்லாத தாமஸ் என்றே அதற்குப் பெயர். இது அசல் மெஷின் பிழை, நானும் ஒப்புக்கொள்கிறேன். டாப்ஸ் அப்போது ஒரு பெரிய தாளில் 132 கார்டுகளை அடுக்கி அச்சிட்டது. அந்த ஆண்டு வந்த 792 கார்டுகளும் அப்படி ஆறு தாள்களில் அடங்கியவை. அதில் ஒரு தாளின் ஒரு பகுதியில் கறுப்பு மை மட்டும் விழவில்லை. தாமஸின் பெயர் அந்தப் பகுதிக்குள் சிக்கிக்கொண்டது. படத்தைச் சுற்றிப் போகும் மெல்லிய கறுப்புக் கோடும் அங்கங்கே அறுந்திருக்கும். பக்கத்துக் கார்டுகளின் கோடுகளும் அறுந்திருக்கின்றன. ஒரே தாள், ஒரே மை, ஒரே கோளாறு. ஆனால் தாமஸ் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிட்டார், 2014இல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார். அவர் கார்டு பொக்கிஷமாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களின் கார்டுகளை வெகுகாலம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அச்சகத்தில் நின்று பார்க்கிற எனக்கு அந்தத் தாளில் நடந்தது ஒரே பிழைதான். சந்தையில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒன்று பிழை, மற்றவை கழிவு.

பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டுவதை எந்த அச்சுக்காரனாலும் தாங்க முடியாது. கையெழுத்துப் பிரதியிலேயே தப்பு இருந்து, புரூஃப் பார்ப்பவரும் கவனிக்காமல் விட்டால், அது அச்சாகும் அத்தனை பிரதியிலும் இருக்கும். நெகட்டிவ் ஒட்டுகிறவர் எமல்ஷன் பக்கத்தை மாற்றிப் போட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும். அதுவும் எல்லாப் பிரதியிலும் இருக்கும். மெஷினில் நேரும் கோளாறு கொஞ்சம் தாள்களில் மட்டும் வரும். கட்டிங்கில் நேர்வது ஒரு கட்டுத் தாளோடு போகும். பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த பிறகு நேர்ந்தது பிழையே இல்லை, சேதம். இந்த வரிசை தெரிந்தால் எந்தக் கார்டை எடுத்தாலும் யார் கையில் தவறு நடந்தது என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்லித்தானே விற்க வேண்டும்?

சேதத்தைப் பிழை என்று விற்கிறவர்கள் ஒரு பெரிய கூட்டம். 'மஞ்சள் மை விழாத அபூர்வ கார்டு' என்று நீலம் பாரித்த கார்டுகளை விற்கிறார்கள். நம் ஊர்ச் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர் வெயிலில் கிடந்து நீலமாகிப் போவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளிறும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். கார்டை ஜன்னலோரம் வைத்தாலும் அப்படித்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். மெஷினில் மஞ்சள் விழாமல் போயிருந்தால் மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது. வெயிலில் வெளிறியது என்றால் புள்ளிகள் மங்கலாக அந்தந்த இடத்திலேயே நிற்கும். இன்னும் சிலர் வெட்டாத முழுத் தாளை விலைக்கு வாங்கி, வேண்டுமென்றே கோணலாக வெட்டி, இரண்டு கார்டின் பாதிகள் ஒன்றாகத் தெரியும்படி செய்து மிஸ்கட் என்று விற்கிறார்கள். போக்கிமான் கார்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். ஸ்கேலை வைத்தால் பாதி பொய் வெளியே வந்துவிடும். மீதியை ஓரத்தில் விரலை ஓட்டினால் தெரிந்துகொள்ளலாம். கட்டுத் தாளில் இறங்கிய பிளேடு விட்ட ஓரமும், தனித் தாளில் கத்தியால் இழுத்த ஓரமும் ஒன்றாக இருக்காது.

கழிவுத் தாளையும் விட்டுவைக்கவில்லை. மெஷினை ஓட்டத் தொடங்கும்போது நிறம் சேரும்வரை, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ரிஜிஸ்டர் உட்காரும்வரை வரும் தாள்கள் கழிவு. அவற்றைக் கிழித்துப்போடுவது வழக்கம், வாடிக்கையாளர் கண்ணில் படவே கூடாது. அந்தத் தாள்கள் பின்வாசல் வழியே வெளியேறி, கார்டு அளவுக்கு வெட்டப்பட்டு, நிறம் விலகிய அதிசயமாக விற்பனை மேஜையில் உட்கார்ந்திருக்கின்றன. கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்ததும் உள்ளே இருந்து வந்தது பிழை. குப்பைக் கூடையிலிருந்து வந்தது பிழை ஆகாது. அந்தத் தாளை ஓட்டியவர் அது பிழை என்று தெரிந்துதானே ஒதுக்கிவைத்தார்? அவர் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கு அடையாளம் அது.

இதையெல்லாம்கூட ஒரு மூச்சுத் திட்டிவிட்டு மறந்துவிடுவேன். மறக்க முடியாதது வேறு.

1969இல் டாப்ஸ் வெளியிட்ட 653ஆம் எண் கார்டு, கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் அவுரேலியோ ரோட்ரிகஸுடையது. மெக்சிகோவின் கனனேயா ஊர்க்காரர். ஒரு ஆட்டக்காரருக்கு வரும் முதல் கார்டுக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு, ரூக்கி கார்டு என்பார்கள். இது அவருடைய ரூக்கி கார்டு. பெயர் அவருடையது, பின்பக்கத்து விவரமெல்லாம் அவருடையது. படத்தில் இருப்பவர் மட்டும் அவர் இல்லை. அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் லியோனார்ட் கார்சியா என்ற பேட் பாய் மட்டையோடு நிற்கிறார். அவரைப் படமெடுத்து ரோட்ரிகஸ் என்று போட்டுவிட்டார்கள். இந்தக் கார்டு கடைசிவரை திருத்தப்படவே இல்லை. ரோட்ரிகஸ் பெரிய லீகில் 17 பருவம் ஆடினார். மூன்றாம் பேஸ் காவலில் ப்ரூக்ஸ் ராபின்சன் தொடர்ந்து 16 ஆண்டுகள் வாங்கிய தங்கக் கையுறை விருதை 1976இல் தட்டிக்கொண்டு போனவர் இவர்தான். 2000இல் டெட்ராய்ட்டில் கார் மோதி இறந்துபோனார். அவர் பெயரில் வந்த முதல் கார்டில் இன்றுவரை இன்னொருவர் முகம்தான் இருக்கிறது.

அந்தக் கார்டு என்ன விலை என்று கேளுங்கள். மிகச் சொற்பம். ஏன் என்று ஒரு கார்டு கண்காட்சியில் கடை போட்டிருந்தவரிடம் கேட்டேன். பொறுமையாகத்தான் விளக்கினார். திருத்தப்படாத பிழைக்கு விலை கிடையாதாம். பட்டியலில் அதற்கு 'யூ.இ.ஆர்.' என்று ஒரு குறி போட்டுவிடுவார்களாம். எல்லாப் பிரதியிலும் ஒரே தவறு இருப்பதால் அது அரிதில்லையாம். கம்பெனி விழித்துக்கொண்டு நடுவில் திருத்தியிருந்தால்தான், திருத்துமுன் வந்த கொஞ்சம் பிரதிகளுக்கு மதிப்பு வருமாம்.

எனக்குக் கேட்கவே மனசு கொதித்தது. ஒரு மனிதருடைய முகத்தையே மாற்றிப்போட்டு, அதை அத்தனை பிரதியிலும் அடித்து, திருத்தவும் மறுத்தால் அது பொருட்டில்லை. ஆனால் ஓர் எழுத்து தவறிப்போய் மறுநாளே சரிசெய்தால் அது தங்கம். சிவகாசியில் எல்லாக் காலண்டரிலும் தப்பு என்று சொன்னால் அது பெரிய தப்பு. இங்கே எல்லாவற்றிலும் தப்பு என்றால் தப்பே இல்லை என்கிறார்கள்.

இந்தத் தலைகீழ் கணக்கு நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. 1909 வாக்கில் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொடுத்த கார்டுகளில் ஷெர்ரி மகீ என்ற ஆட்டக்காரரின் பெயரில் ஆங்கில 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஐ' விழுந்துவிட்டது. சீக்கிரமே சரிசெய்துவிட்டார்கள். அதனாலேயே தவறான எழுத்துள்ள கார்டு இன்று பல்லாயிரம் டாலர் போகிறது. அதே மனிதரின் பெயரைச் சரியாகப் போட்ட கார்டுக்கு அந்த மதிப்பில் ஒரு துளிதான். 1981இல் ஃபிளியர் கம்பெனி அவசர அவசரமாகச் சந்தைக்கு வந்தது. டாப்ஸின் தனியுரிமையை எதிர்த்துப் போட்ட வழக்கில் முந்தைய ஆண்டுதான் தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். அவசரத்தில் கார்டுகள் முழுக்கத் தவறுகள். நெட்டில்ஸ் என்ற ஆட்டக்காரரின் முதற்பெயர் 'ஜி'யில் தொடங்கும், பின்பக்கத்தில் 'சி' என்று போட்டார்கள். பிறகு திருத்தினார்கள். 'சி' போட்ட கார்டுக்கு அந்த நாளில் அடிதடி. ஆனால் 1957இல் டாப்ஸில் ஹாங்க் ஆரன் படத்தை நெகட்டிவைத் திருப்பிப் போட்டு, வலக்கை ஆட்டக்காரரை இடக்கைக்காரராக ஆக்கினார்களே, அதைத் திருத்தவில்லை. ஆரன் பெயருக்காகத்தான் அந்தக் கார்டுக்கு விலை. பிழைக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

1989இல் ஃபிளியர் வெளியிட்ட பில்லி ரிப்கன் கார்டைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல். கையில் பிடித்திருக்கும் மட்டையின் அடிக்கட்டையில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கிறது. படத்தில் அது பளிச்சென்று தெரிகிறது. பயிற்சிக்கு எடுத்துப்போகும் மட்டையை அடையாளம் காண்பதற்காகத் தானேதான் எழுதியதாகப் பல வருஷம் கழித்து ரிப்கன் ஒரு பேட்டியில் சொன்னார். கேமரா கண்டதை எடுத்தது, பிளேட் எடுத்ததைப் பதித்தது, மெஷின் பதித்ததை அச்சடித்தது. எங்கே இருக்கிறது அச்சுப் பிழை? பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டிய ஆசிரியர் தூங்கினார், அவ்வளவுதான். விஷயம் வெளியே வந்ததும் கம்பெனி அந்த வார்த்தையைக் கறுப்பாகக் கிறுக்கி மறைத்தது, வெள்ளை பூசி மறைத்தது, கறுப்புக் கட்டம் வைத்து மறைத்தது. மறைத்த விதத்துக்கு ஒரு விலை. வெள்ளை பூசிய கார்டு அசலைவிட அதிக விலைக்குப் போகிறது. எரர் கார்டு என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது இந்த ரிப்கன் கார்டைத்தான். அச்சில் ஒரு தவறும் நேராத கார்டு அந்த வரிசையில் முதலிடத்தில் இருக்கிறது.

வேண்டுமென்றே செய்வதும் உண்டு. 2007இல் டாப்ஸ் வெளியிட்ட டெரெக் ஜீட்டர் கார்டின் பின்னணியில், கூட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி புஷ் கையசைக்கிறார், ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் பகுதியில் மறைந்த ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் நிற்கிறார். உள்ளே இருந்த யாரோ விளையாட்டாகச் சேர்த்தது, புரூஃபில் தெரிந்தும் விட்டுவிட்டோம் என்று கம்பெனியே சொன்னது. தெரிந்து விட்டதை எரர் பட்டியலில் சேர்ப்பது அச்சகத்தில் உழைக்கிறவனுக்குச் செய்யும் அவமரியாதை. கண் விழித்து, முதுகு ஒடிய நின்று, அதையும் மீறி நேர்வதுதான் பிழை.

போக்கிமானுக்கு வந்தாலும் இதே குழப்பம். 1999இல் வந்த ஜங்கிள் தொகுப்பின் மினுமினுக்கும் கார்டுகளில் தொகுப்புக்குரிய சின்னம் இல்லாமல் ஒரு பகுதி வெளியானது. அது பிழைதான், சந்தேகமில்லை. முதல் தொகுப்பின் பிகாச்சுவுக்கு முதலில் கன்னம் சிவப்பு, பிறகு மஞ்சள். இது பிழையா, மனசு மாறியதா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாற்றினார்கள் என்பது மட்டும்தான் கையில் இருக்கும் சாட்சி. விலைப் பட்டியல் போடுகிறவர் ஒருவர் இதைப் பிழை என்பார், இன்னொருவர் வகை என்பார். நடுவில் பணம் கொடுப்பது என் பேரன் வயதுப் பிள்ளைகள்.

இந்த விஷயத்தில் கார்டை வைத்து விளையாடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. மேஜிக் என்ற கார்டு விளையாட்டில் 1993இல் வந்த முதல் அச்சில் 'ஆர்கிஷ் ஓரிஃப்ளாம்' என்ற கார்டை ஆட்டத்தில் இறக்க ஆகும் செலவு குறைவாக அச்சாகிவிட்டது. அடுத்த அச்சில் சரிசெய்தார்கள். 2019இல் 'கார்ப்ஸ் நைட்' கார்டின் சில பிரதிகளில் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்று எண் விழுந்தது. கம்பெனி உடனே சரியான எண் இரண்டுதான் என்று அறிவித்தது. எந்தப் பிரதி கையில் இருந்தாலும் ஆட்டத்தில் இரண்டுதான் செல்லும். கார்டில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எது செல்லும் என்பதற்கு அங்கே ஒரு தீர்ப்பு இருக்கிறது. சேர்க்கிறவர்கள் உலகத்தில் அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. ஏலத்தில் கை தூக்குகிறவர்தான் நீதிபதி.

பேஸ்பால் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளமென்டேயை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. போர்ட்டோ ரிக்கோக்காரர், பிட்ஸ்பர்க் அணிக்காரர், 3,000 ஹிட் எடுத்தவர். 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் தவித்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து 38 வயதில் இறந்தார். ராபர்ட்டோ என்ற பெயர் அமெரிக்க வாயில் நுழையவில்லை என்று அவரைப் பாப் என்று கூப்பிட்டார்கள். தன் பெயர் ராபர்ட்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 1955இலும் 1956இலும் டாப்ஸ் கார்டில் ராபர்ட்டோ என்று சரியாகவே இருந்தது. 1957 முதல் 1969 வரை பாப் கிளமென்டே என்று போட்டார்கள். 1970இல்தான் பெயர் திரும்பியது. ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு வைத்த பலகையிலும் தாய்வழிப் பெயரான வாக்கரைக் கிளமென்டேக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். அந்தப் பலகையைத் திருத்தி வேறு வார்த்து வைத்தது 2000இல். பலகைக்கு அந்த மரியாதையாவது கிடைத்தது.

எனக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் என் இனிஷியலை விரித்து எழுதி, என் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னை உள்ளே கூப்பிடுகிறார்கள். என் பெயர் அது இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரை மாற்றிப் போட்ட கார்டைப் பதிமூன்று வருஷம் பார்த்துக்கொண்டே ஆடினாரே, அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்?

அதே கண்காட்சியில் இன்னொரு மேஜையில் ஒரு பாப் கிளமென்டே கார்டு இருந்தது. நல்ல விலை. இது எரர் கார்டுதானே என்று கேட்டேன். அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். "இல்லை, எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் பக்கத்திலேயே, மை சிந்திய ஒரு கார்டை வைத்து இன்னொருவர் எரர் எரர் என்று கூவிக்கொண்டிருந்தார், சுற்றிலும் பிள்ளைகள் கூட்டம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிழை என்று விற்றால் அது எங்கே நேர்ந்தது என்று எழுதட்டும். புரூஃபிலா, பிளேட்டிலா, மெஷினிலா, கட்டிங்கிலா? பாக்கெட்டிலிருந்து வந்ததா, பின்வாசலில் வந்ததா? தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதி, சாதாரண விலைக்குக் கொடுக்கட்டும். தூசியைத் தூசி என்றே சொல்லட்டும். பேரனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்த கார்டுக்குப் பணம் அனுப்புமுன் இந்தக் கேள்விகளை விற்கிறவரிடம் கேள், பதில் வராவிட்டால் வாங்காதே என்று. கேட்டுப் பார்த்தான். இதுவரை ஒருவரும் பதில் எழுதவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ரோட்ரிகஸ் கார்டையும் கிளமென்டே கார்டையும் இனி யாரும் திருத்தி அச்சடிக்கப் போவதில்லை. ஆனால் அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து மேலே லேபிள் ஒட்டும் வேலை தினமும் நடக்கிறது. படத்தில் இருப்பவர் லியோனார்ட் கார்சியா என்றும், இவர் பெயர் ராபர்ட்டோ என்றும் அந்த லேபிளில் அச்சடிக்கட்டும். இடம் போதாது என்று சொல்ல வழியில்லை. தாமஸ் கார்டுக்கு, முன்பக்கத்தில் பெயர் இல்லை என்று முழு வரியாக அதே லேபிளில்தான் போட்டிருக்கிறார்கள்.